புது காரின் அடியில் துரு: 'நார்மல் சார்' என்றால் நம்பலாமா?

டெலிவரி அன்று எல்லாம் அழகாகத்தான் நடக்கும். காரின் மேல் போர்த்திய துணியை விலக்குவார்கள், அட்டையில் செய்த பெரிய சாவியைப் பிடித்துக்கொண்டு குடும்பத்தோடு ஒரு போட்டோ, அங்கிருந்து நேராகக் கோயில், நாலு டயருக்கும் எலுமிச்சம்பழம். அந்தக் கூட்டத்தில் யாரும் குனிந்து வண்டியின் அடியைப் பார்ப்பதில்லை. அது கண்ணில் படுவது பெரும்பாலும் ஒரு மாதம் கழித்து, முதல் சர்வீஸுக்கு வண்டி லிஃப்டில் ஏறும்போதுதான்.

மேலே பளபளவென்று இருக்கும் அதே காரின் அடியில், சக்கரத்துக்குப் பின்னால், செங்கல் நிறத்தில் திட்டுத்திட்டாகத் துரு. "இது புது வண்டிதானே?" என்று கேட்டால், சர்வீஸ் அட்வைசரிடமிருந்து வரும் பதில் அநேகமாக ஒன்றுதான்: "நார்மல் சார், எல்லா வண்டியிலயும் இருக்கும்."

பத்து லட்சம் கடன் வாங்கி, ஏழு வருஷ இஎம்ஐ போட்டு எடுத்த வண்டிக்கு இந்தப் பதில் போதுமா? பல நேரங்களில் அந்தப் பதில் உண்மைதான். ஆனால் எல்லா நேரமும் இல்லை. எப்போது விட்டுவிடலாம், எப்போது விடக்கூடாது என்பதைப் பார்ப்போம்.

சுருக்கமாக:

• பிரேக் டிஸ்க், ஹப், நக்கிள் போன்ற வார்ப்பிரும்புப் பாகங்களில் மெல்லிய மேல்துரு வருவது இயல்பு. அதனால் வண்டியின் பலம் குறைவதில்லை.
• ஸ்பிரிங், வெல்டிங் இணைப்பு, ஷாக் அப்சார்பர் ராடு, பிரேக் பைப் ஆகிய நான்கில் துரு என்றால் அலட்சியம் கூடாது.
• துருவைவிட முக்கியமான கேள்வி, வண்டி எப்போது தயாரானது, அதுவரை எங்கே நின்றது என்பதுதான்.
• பதிவுக்கு முன் கேட்டால் வண்டியை மாற்றச் சொல்லலாம். பதிவுக்குப் பின் அது ரொம்பக் கஷ்டம்.

முதலில், எந்தப் பாகத்தில் துரு?

'சஸ்பென்ஷன்' என்று ஒரே வார்த்தையில் சொன்னாலும் அதற்குள் பல பாகங்கள் இருக்கின்றன. எல்லாம் ஒரே உலோகம் இல்லை, எல்லாவற்றுக்கும் ஒரே பூச்சும் இல்லை.

சக்கரம் மாட்டும் ஹப்பையும் பிரேக்கையும் தாங்கி நிற்பது நக்கிள். பல கார்களில் இது கனமான வார்ப்பிரும்பு. இதில் பேரிங் உட்காரும் இடம், போல்ட் இறங்கும் இடம் எல்லாம் துல்லியமாகக் கடைந்து எடுத்தவை. அங்கே பெயின்ட் அடித்தால் அளவு மாறிவிடும் என்பதால் இரும்பை அப்படியே விட்டுவிடுவார்கள். பிரேக் டிஸ்க்கும் அப்படித்தான். பேட் உரசும் இடத்தில் பெயின்ட் நிற்காது.

லோயர் ஆர்ம், சப்ஃப்ரேம், பின்பக்க ஆக்ஸில் பீம் ஆகியவை பெரும்பாலும் இரும்புத் தகட்டை அழுத்தி வளைத்து, வெல்டிங் செய்து ஆக்கியவை. இவற்றுக்குக் கருப்புப் பூச்சு உண்டு. காயில் ஸ்பிரிங் உயர் வலிமை எஃகு. அதற்கும் பூச்சு உண்டு. விலை உயர்ந்த சில கார்களில் லோயர் ஆர்ம், நக்கிள் இரண்டும் அலுமினியம். அதில் செந்துரு வராது. உப்பு பட்டால் வெள்ளைப் பொடி பூக்கும்.

ஆக, 'அடியில் துரு' என்று மொத்தமாகச் சொன்னால் யாராலும் சரியான பதில் தர முடியாது. பூச்சே போடாத பாகத்தில் துரு என்றால் ஒரு அர்த்தம். பூச்சு போட்ட பாகத்தில் அதைத் தாண்டி வந்தால் வேறு அர்த்தம்.

பூச்சு இருந்தும் ஏன் துரு?

இரும்பு, ஆக்ஸிஜன், தண்ணீர். இந்த மூன்றும் சேர்ந்தால் துரு. பூச்சின் வேலை, இரும்பை மற்ற இரண்டிடமிருந்தும் பிரித்து வைப்பது மட்டும்தான்.

அடிப்பாகங்களுக்குப் பரவலாகப் பயன்படுவது எலெக்ட்ரோ கோட்டிங். பாகத்தைத் தொட்டியில் முக்கி, மின்சாரம் பாய்ச்சி, பெயின்டை எல்லா இடுக்கிலும் ஒட்ட வைக்கும் முறை. இதன் தடிமன் சுமார் 20 மைக்ரான். ஒரு தலைமுடியின் தடிமனில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு. ஜல்லி தெறித்தாலோ, ஏற்றி இறக்கும்போது சங்கிலி உரசினாலோ இது பெயர்ந்துவிடும்.

வெல்டிங் செய்த இடம் இன்னொரு பலவீனம். வெல்டிங் முடிந்ததும் அதன் மேல் கண்ணாடி போன்ற கசடு சின்னச்சின்னத் தீவுகளாக ஒட்டிக்கொள்கிறது. அது மின்சாரத்தைக் கடத்தாது. எனவே அந்தப் புள்ளிகளில் பூச்சு சரியாகப் பிடிக்காது. புது வண்டியிலேயே வெல்டிங் கோட்டை ஒட்டி மட்டும் துரு ஓடியிருப்பதைப் பார்க்கிறோம் இல்லையா, அதற்குக் காரணம் இதுதான். வெட்டி எடுத்த தகட்டின் கூர்மையான விளிம்பிலும் பூச்சு மெலிந்துபோகும். அங்கேயும் துரு முதலில் தலைகாட்டும்.

இதையெல்லாம் கம்பெனிகள் சோதிப்பதில்லையா என்றால், சோதிக்கிறார்கள். உலகம் முழுக்கப் பயன்படும் ஒரு சோதனையில், 5 சதவீத உப்புக் கரைசலை 35 டிகிரி வெப்பத்தில் புகைபோல் தெளித்துக்கொண்டே இருப்பார்கள். எத்தனை மணி நேரம் பூச்சு தாங்குகிறது என்று கணக்கு. ஆனால் சாலை அந்த அறை மாதிரி இல்லை. நனைவது, காய்வது, கல் அடிப்பது, திரும்ப நனைவது என்று மாறி மாறி நடக்கிறது. அறையில் தாங்கிய பூச்சு சாலையிலும் அதே அளவு தாங்கும் என்று சொல்ல முடியாது.

சென்னையில் ஏன் சீக்கிரம் வருகிறது?

பெசன்ட் நகரிலோ பட்டினப்பாக்கத்திலோ ஈசிஆரிலோ இருப்பவர்களுக்கு விளக்கவே வேண்டாம். ஜன்னல் கிரில், ஏசி அவுட்டோர் யூனிட், கேட் தாழ்ப்பாள் என்று எதுவும் ரொம்ப நாள் தாங்காது.

காற்றில் ஈரப்பதம் சுமார் 60 சதவீதத்தைத் தாண்டினாலே இரும்பு துருப்பிடிக்கும் வேகம் கூடுகிறது. சென்னையில் ஆண்டின் பெரும்பகுதி அதற்கு மேல்தான். கடல் காற்றில் உப்பும் சேர்ந்தால் கதையே வேறு. கடல் உப்பில் உள்ள மெக்னீசியம் குளோரைடு, காற்றில் 35 சதவீத ஈரப்பதம் இருந்தாலே நீரை இழுத்துக் கரைந்துவிடும். அதாவது மழை பெய்யாத நாளிலும், உப்பு படிந்த இரும்பின் மேல் கண்ணுக்குத் தெரியாத ஒரு நீர்ப்படலம் இருந்துகொண்டே இருக்கும். துருவுக்கு அது போதும்.

தமிழகக் கடற்கரையின் இந்தக் குணம் விஞ்ஞானிகளுக்குப் புதிதல்ல. காரைக்குடியில் உள்ள மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிறுவனம் பல பத்தாண்டுகளாக உலோக அரிப்பை ஆராய்கிறது. மண்டபத்தில் அதற்கென்றே ஓர் ஆய்வு நிலையமும் வைத்திருக்கிறது. பக்கத்திலேயே பாம்பன். 1914-ல் திறந்த பழைய ரயில் பாலத்தில் அரிப்பு காரணமாகப் போக்குவரத்தையே 2022 டிசம்பரில் நிறுத்தினார்கள். 2025 ஏப்ரலில் திறந்த புதிய பாலத்தில் துருப்பிடிக்காத எஃகுக் கம்பிகளும் கடல் காற்றைத் தாங்கும் தனிப் பூச்சும் பயன்படுத்தியிருக்கிறார்கள்.

பாலத்துக்கு இவ்வளவு கவனம் எடுக்கும் இடத்தில்தான் நம் காரும் ஓடுகிறது. மதுரையிலோ கோவையிலோ இரண்டு வருஷத்தில் வரும் துரு, சென்னையிலோ தூத்துக்குடியிலோ அதற்கு முன்பே வந்தால் அதை மட்டும் வைத்துத் தயாரிப்புக் குறை என்று சொல்லிவிட முடியாது. கம்பெனி தரப்பு வாதமும் இதுதான். அதில் நியாயம் இருக்கிறது.

ஆனால் இன்னொரு பக்கமும் இருக்கிறது. சென்னையில் கார் விற்கும்போதே சென்னையில் கடல் இருப்பது கம்பெனிக்குத் தெரியும்தானே?

வண்டி எத்தனை நாள் நின்றது?

புது கார் என்றால் நேற்று தொழிற்சாலையிலிருந்து வந்தது என்று நாம் நினைத்துக்கொள்கிறோம். உண்மையில் தொழிற்சாலையிலிருந்து ட்ரெய்லர், அங்கிருந்து ஸ்டாக்யார்டு, பிறகு ஷோரூம் என்று ஒரு பயணம் இருக்கிறது. ஸ்டாக்யார்டு என்பது பெரும்பாலும் கூரை இல்லாத மண் தரை.

வியாபாரம் மந்தமாக இருக்கும்போது இந்த நிற்கும் காலம் நீள்கிறது. 2024 செப்டம்பர் மாதத்துக்கு டீலர்கள் கூட்டமைப்பான எஃப்ஏடிஏ வெளியிட்ட கணக்கின்படி, நாடு முழுவதும் டீலர்களிடம் 80 முதல் 85 நாள் விற்பனைக்கான கார்கள் தேங்கிக் கிடந்தன. எண்ணிக்கையில் சுமார் 7.9 லட்சம் வண்டிகள். மதிப்பு சுமார் 79,000 கோடி ரூபாய். 85 நாள் என்பது சராசரிக் கணக்கு. சில வண்டிகள் சீக்கிரம் போயிருக்கும், சில வண்டிகள் இன்னும் நிறைய நாள் நின்றிருக்கும்.

ஓடும் வண்டியைவிட நிற்கும் வண்டிக்குத்தான் துரு சீக்கிரம் ஏறும். ஓடும்போது காற்று பட்டு ஈரம் காய்கிறது. டிஸ்க்கில் வரும் துருவை பிரேக் பேடே தேய்த்து எடுத்துவிடுகிறது. புல் முளைத்த ஈரத் தரையில் வடகிழக்குப் பருவமழை முழுக்க நின்ற வண்டிக்கு அந்த வாய்ப்பு இல்லை.

ஆண்டுக் கடைசியில் 'ஸ்டாக் கிளியரன்ஸ்' என்று ஐம்பதாயிரம், ஒரு லட்சம் தள்ளுபடி தருகிறார்கள் இல்லையா? அதில் கணிசமான வண்டிகள் இப்படி நின்றவைதான். தெரிந்தே வாங்கினால் அது நல்ல பேரம்கூட. தெரியாமல் முழு விலை கொடுத்து வாங்குவதுதான் பிரச்சினை.

எது நார்மல், எது இல்லை?

இதைக் கண்டுபிடிக்கப் பெரிய கருவி எதுவும் வேண்டாம். ஒரு டார்ச், ஒரு பழைய துணி, ஒரு நகம் போதும்.

விட்டுவிடலாம்: பிரேக் டிஸ்க்கில் ஆரஞ்சு படலம் (நாலைந்து முறை பிரேக் பிடித்தால் போய்விடும்), நக்கிள், ஹப், டிரைவ் ஷாஃப்ட் மேல் சீரான செம்பழுப்பு நிறம், போல்ட் தலைகளில் லேசான துரு. துணியால் துடைத்தால் பொடியாக ஒட்டும், அடியில் உலோகம் வழவழப்பாக இருக்கும். இதுதான் மேல்துரு. சென்டிமீட்டர் கணக்கில் தடிமன் உள்ள வார்ப்பிரும்பில் இது வண்டியின் ஆயுளுக்குள் பெரிதாக எதையும் செய்துவிடாது.

கண்காணிக்க வேண்டும்: லோயர் ஆர்ம், சப்ஃப்ரேம், பின் ஆக்ஸில் பீம் ஆகியவற்றின் வெல்டிங் ஓரத்திலும் விளிம்பிலும் துரு. இன்று ஆபத்து இல்லை. ஆனால் பூச்சுக்கு அடியில் துரு ஊர்ந்து பரவும். துரு, தான் அரித்த இரும்பைவிடப் பல மடங்கு அதிக இடத்தை அடைத்துக்கொள்ளும். அதனால் பக்கத்தில் உள்ள நல்ல பூச்சையும் தூக்கிவிடும். ஆறு மாதத்துக்கு ஒரு முறை ஒரே கோணத்தில் போட்டோ எடுத்து ஒப்பிட்டால் பரவுகிறதா என்று தெரிந்துவிடும்.

விடவே கூடாது:

• காயில் ஸ்பிரிங்கில் பூச்சு உரிந்து குழி. ஸ்பிரிங் ஒவ்வொரு பள்ளத்திலும் அமுங்கி விரியும் பாகம். துரு போட்ட சின்னக் குழியில் அழுத்தம் குவிந்து, அங்கிருந்து விரிசல் தொடங்கும். பிறகு ஒரு நாள் சட்டென்று உடையும். உடைந்த முனை டயரைக் கிழிக்கலாம்.
• ஷாக் அப்சார்பரின் பளபளப்பான ராடில் புள்ளித் துரு. ராடு மேலும் கீழும் போகும்போது ஆயில் சீலை அது ரம்பம்போல் அறுக்கும். அடுத்தது ஆயில் கசிவு.
• பிரேக் பைப்பில் துரு. சஸ்பென்ஷன் பாகம் இல்லைதான். ஆனால் அடியில் பார்க்கும்போது இதையும் சேர்த்தே பார்க்க வேண்டும்.
• எங்கே இருந்தாலும், நகத்தால் சுரண்டினால் செதில் செதிலாக உரியும் துரு. புது வண்டியில் அது இருக்கவே கூடாது.

வெள்ளத்தில் நின்ற வண்டியோ?

2015 வெள்ளமும் 2023 டிசம்பர் மிக்ஜாம் புயலும் பார்த்த ஊருக்கு இந்தச் சந்தேகம் வருவது இயற்கை. அடியில் மட்டும் துரு இருப்பதை வைத்து இதைச் சொல்ல முடியாது. வண்டிக்குள்ளே பார்க்க வேண்டும்.

சீட்டைப் பின்னால் தள்ளி, அது நகரும் தண்டவாளத்தையும் போல்ட்டையும் பாருங்கள். சீட் பெல்ட்டைக் கடைசி வரை இழுத்துப் பாருங்கள். ஸ்டெப்னி வைக்கும் குழி, கார்பெட்டுக்கு அடி, ஹெட்லைட் உள்பக்கம், எல்லாவற்றையும் பாருங்கள். கடல் காற்று சீட்டுக்கு அடியில் போய்ச் சேறு பூசாது. துருவோடு வண்டல் கோடும் ஈர வாடையும் சேர்ந்து இருந்தால் அந்த வண்டியைப் பற்றிப் பேச்சே வேண்டாம்.

வாரண்டி இதற்குக் கை கொடுக்குமா?

இங்கேதான் சிக்கல். பல கம்பெனிகளின் வாரண்டி விதிகளில், உப்பு, மழை, காற்றில் கலந்த ரசாயனம் போன்ற சுற்றுச்சூழல் காரணங்களால் வரும் துரு சேராது என்று எழுதியிருக்கும். அரிப்புக்கென்று தனி வாரண்டி இருந்தாலும், தகடு உள்ளிருந்து அரித்துத் துளை விழுந்தால்தான் அது செல்லும். ஐரோப்பாவில் 12 ஆண்டு துரு வாரண்டி என்று விளம்பரப்படுத்துவதும் பெரும்பாலும் பாடியில் துளை விழுவதற்குத்தான். சஸ்பென்ஷன் பாகங்கள் அதில் வராது.

இன்சூரன்ஸிலும் வழி இல்லை. தேய்மானமும் காலப்போக்கில் வரும் சேதமும் மோட்டார் பாலிசியில் விலக்கப்பட்டவை.

அப்படியானால் 'நார்மல்' எது என்று யார் முடிவு செய்கிறார்கள்? நடைமுறையில், வண்டியை விற்றவரே. வாங்கியவர் கையில் எடுத்துக் காட்ட, இவ்வளவு நாளில் இவ்வளவு துரு வரை சரி என்ற அளவுகோல் எதையும் ஷோரூமில் தருவதில்லை. அதனால்தான் ஒரே துருவை அட்வைசர் நார்மல் என்கிறார், வெளி மெக்கானிக் ஐயோ என்கிறார்.

அளவுகோல் இருந்தால் என்ன ஆகும் என்பதற்கு அமெரிக்காவில் ஓர் உதாரணம் உண்டு. டொயோட்டாவின் டகோமா, டன்ட்ரா, செகோயா வண்டிகளின் சட்டகம் துருப்பிடித்து அரிக்கிறது என்று உரிமையாளர்கள் கூட்டாக வழக்குப் போட்டார்கள். 2016-ல் டொயோட்டா சமரசத்துக்கு வந்தது. சுமார் 15 லட்சம் வண்டிகள். சமரசத்தின் மதிப்பு அதிகபட்சம் சுமார் 340 கோடி டாலர் என்று கணக்கிடப்பட்டது. தவறு செய்ததாக நிறுவனம் ஒப்புக்கொள்ளவில்லை. ஆனால் சட்டகத்தை இலவசமாகப் பரிசோதித்து, 10 மில்லிமீட்டர் அல்லது அதற்கு மேல் துளை இருந்தால் மாற்றித் தர வேண்டும் என்று எழுத்தில் வந்தது. மெக்கானிக்கின் அபிப்பிராயத்துக்கு அங்கே வேலை இல்லை. அளந்து பார்த்தால் முடிந்தது.

சட்டம் யார் பக்கம்?

2020 ஜூலையில் நடைமுறைக்கு வந்த நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2019, 'குறைபாடு' என்பதை அகலமாகவே வரையறுக்கிறது. சட்டப்படியோ ஒப்பந்தப்படியோ விற்பவர் சொன்னபடியோ இருக்க வேண்டிய தரத்தில் எந்தக் குறை இருந்தாலும் அது குறைபாடுதான். 'புதிய கார்' என்று சொல்லி விற்றதே ஒரு வாக்குறுதி.

ஆனால் நீதிமன்றங்கள் எதுவரை போகும் என்பதைப் புரிந்துகொள்ள உச்ச நீதிமன்றத்தின் இரண்டு தீர்ப்புகள் உதவும்.

முதலாவது, 2006-ல் வந்த மாருதி உத்யோக் வழக்கு. ஒரு பாகம் பழுது என்றால் வாரண்டிப்படி அந்தப் பாகத்தை மாற்றிக் கொடுப்பதுதான் கடமை, முழு வண்டியையும் மாற்றச் சொல்ல முடியாது என்றது நீதிமன்றம். லோயர் ஆர்மில் துரு என்று சொல்லிப் புது கார் கேட்டால் கிடைப்பது கடினம் என்பதற்கு இதுவே காரணம். புது லோயர் ஆர்ம் கேட்கலாம்.

இரண்டாவது, 2021 பிப்ரவரியில் வந்த டாடா மோட்டார்ஸ் வழக்கு. கோவாவில் ஒருவர் புது கார் என்று பணம் கட்டினார். கைக்கு வந்தது 2009-ல் தயாரான, ஏற்கெனவே 622 கிலோமீட்டர் ஓடிய கார். அடிப்பகுதியில் துரு, பாடியில் கீறல் என்பதும் அவருடைய புகாரில் இருந்தது. நுகர்வோர் மன்றங்கள் டீலர், கம்பெனி இருவரையும் பொறுப்பாக்கின. உச்ச நீதிமன்றமோ, டீலர் செய்தது கம்பெனிக்குத் தெரிந்திருந்தது என்று நிரூபிக்காத நிலையில் கம்பெனியைப் பொறுப்பாக்க முடியாது என்று விடுவித்தது. டீலர் மீதான உத்தரவு அப்படியே நின்றது.

இந்த இரண்டையும் சேர்த்துப் பார்த்தால் ஒன்று தெரியும். துரு என்ற ஒற்றைக் காரணத்தை வைத்து வண்டியை மாற்றுவது கஷ்டம். பழைய வண்டியைப் புதிது என்று விற்றார்கள் என்பதற்கு அந்தத் துரு ஒரு சாட்சியாக இருந்தால் நிலைமை மாறும். தயாரிப்பு மாதம், ஓடோமீட்டர் கணக்கு, டெலிவரி நாள் போட்டோ இந்த மூன்றும் கையில் இருக்க வேண்டும் என்று சொல்வது இதற்காகத்தான்.

புகார் எங்கே, எப்படி?

முதலில் டீலருக்கும் கம்பெனிக்கும் மெயில். வாட்ஸ்அப்பில் பேசியதோடு நிறுத்த வேண்டாம். போட்டோ, ஜாப் கார்டு இரண்டையும் இணைத்து, அவர்களுடைய 'நார்மல்' என்ற பதிலையும் எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். பின்னால் ஸ்பிரிங் உடைந்தால் அந்த ஒரு வரி பேசும்.

நகரவில்லை என்றால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண். அதற்கும் பலன் இல்லை என்றால் மாவட்ட நுகர்வோர் ஆணையம். கொடுத்த விலை 50 லட்சம் வரை என்றால் அங்கேயே போகலாம். விலை 5 முதல் 10 லட்சம் என்றால் கட்டணம் 200 ரூபாய், 10 முதல் 20 லட்சம் என்றால் 400 ரூபாய். நீங்கள் குடியிருக்கும் அல்லது வேலை பார்க்கும் ஊரிலேயே தாக்கல் செய்யலாம். ஆன்லைனிலும் முடியும். பிரச்சினை எழுந்து 2 ஆண்டுக்குள் போக வேண்டும்.

துருவின் காரணம் என்ன என்று தெரிய வேண்டுமானால், பாகத்தை ஆய்வகத்துக்கு அனுப்ப ஆணையத்துக்கு அதிகாரம் உண்டு. ஆய்வு தேவைப்படும் வழக்கை 5 மாதத்தில் முடிக்க முயல வேண்டும் என்கிறது சட்டம். நடைமுறையில் அதற்கு மேலும் ஆகும் என்பதைத் தெரிந்துகொண்டே இறங்க வேண்டும்.

ஒரே மாடலில் பலருக்கும் ஸ்பிரிங்கோ ஆர்மோ அரிக்கிறது என்றால் அது தனி ஒருவரின் பிரச்சினை இல்லை. 2021 ஏப்ரல் 1 முதல் இந்தியாவில் ரீகால் விதிகள் அமலில் உள்ளன. 7 ஆண்டுக்கு உட்பட்ட வண்டிகளில் பாதுகாப்புக் குறைபாடு இருந்தால், உரிமையாளர்கள் மத்திய போக்குவரத்து அமைச்சகத்தின் இணையதளத்தில் புகார் பதியலாம். புகார்கள் குறிப்பிட்ட அளவைத் தாண்டினால் அரசே விசாரித்து வண்டிகளைத் திரும்பப் பெற உத்தரவிட முடியும். ஆனால் அந்த எண்ணிக்கை சேர வேண்டுமானால், ஒவ்வொருவரும் பதிய வேண்டும். சர்வீஸ் சென்டரில் சண்டை போட்டுவிட்டு வந்தால் அது எந்தக் கணக்கிலும் வராது.

கருப்பு பெயின்ட் அடித்துத் தந்தால்?

துருவைக் காட்டியதும் சில இடங்களில் "விடுங்க சார், கோட்டிங் அடிச்சுத் தர்றோம்" என்பார்கள். கேட்க நன்றாக இருக்கும். ஆனால் துருவின் மேலேயே கருப்பு பெயின்ட் அடித்தால், ஈரம் உள்ளே மாட்டிக்கொண்டு துரு கண்ணுக்குத் தெரியாமல் வளரும். உங்கள் கையில் இருந்த சாட்சியும் மறைந்துவிடும்.

சரியான வரிசை இது: முதலில் போட்டோ. பிறகு உப்பும் சேறும் போக நல்ல தண்ணீரில் கழுவிக் காய வைக்க வேண்டும். தளர்ந்த துருவைக் கம்பி பிரஷால் எடுக்க வேண்டும். மிச்சத் துருவை நிலைப்படுத்தும் ரஸ்ட் கன்வர்ட்டர், அதன் மேல் ப்ரைமர், கடைசியில்தான் மேல்பூச்சு. ரப்பர் புஷ், பால் ஜாயின்ட், பிரேக், சைலன்சர், சென்சார், தண்ணீர் வடியும் துளை ஆகியவற்றில் கோட்டிங் படக்கூடாது. துளை அடைபட்டால் தண்ணீர் உள்ளேயே தேங்கி, கோட்டிங்கே துருவுக்குக் காரணமாகிவிடும். பதினைந்து நிமிஷத்தில் முடிகிற வேலை இல்லை இது.

பராமரிப்பில் ஒரு விஷயம். கடற்கரையோர அபார்ட்மென்ட்களில் போர்வெல் தண்ணீர் உப்பாக இருக்கும். தினமும் அதை அடியில் பீய்ச்சிக் கழுவினால், உப்பை நாமே கொண்டுபோய்ப் பூசுவது போலத்தான். மாதத்துக்கு ஒரு முறை என்றாலும் நல்ல தண்ணீரில் அடியைக் கழுவுவது மேல். மழைத் தண்ணீரில் ஓட்டிவிட்டு வந்து அப்படியே கவர் போட்டு மூடுவதும் வேண்டாம்.

டெலிவரிக்கு முன் பத்து நிமிடம்

வண்டி உங்கள் பெயரில் பதிவாவதற்கு முன், ஸ்டாக்யார்டிலேயே போய்ப் பாருங்கள். பதிவான பிறகு அது சட்டப்படி உங்கள் வண்டி. மாற்று வண்டி கேட்கும் பலம் அந்த நிமிடமே பாதியாகிவிடும்.

• சேஸிஸ் எண்ணை வாங்கித் தயாரிப்பு மாதத்தைக் கேளுங்கள். எண்ணின் 10-வது எழுத்து பொதுவாக ஆண்டைச் சொல்லும். மாதக் குறியீடு கம்பெனிக்குக் கம்பெனி மாறும். பதிலை எழுத்தில் வாங்குங்கள்.
• மூன்று மாதத்துக்கு மேல் பழைய வண்டி என்றால் இன்னொன்று கேளுங்கள், இல்லையென்றால் விலையைக் குறைக்கச் சொல்லுங்கள்.
• லிஃப்டில் ஏற்றிக் காட்டச் சொல்லுங்கள். முடியாது என்றால், ஸ்டீயரிங்கை ஒரு பக்கம் முழுக்கத் திருப்பி வைத்துவிட்டு, டார்ச் அடித்தால் முன் ஸ்பிரிங், ஷாக் அப்சார்பர், லோயர் ஆர்ம் எல்லாம் தெரியும்.
• போனைக் கீழே நீட்டி அடிப்பக்கம் முழுக்க ஒரு வீடியோ. தேதி பதிவாகட்டும்.
• சந்தேகமான இடம் இருந்தால், டெலிவரி நோட்டில் எழுதிவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள்.

டெலிவரி நோட்டில் 'வண்டி நல்ல நிலையில் பெற்றுக்கொண்டேன்' என்று முன்கூட்டியே அச்சடித்த ஒரு வரி இருக்கும். பூஜை அவசரத்தில் எல்லோரும் கையெழுத்துப் போட்டுவிட்டுப் போவது அதில்தான். பின்னால் வழக்கு என்று வந்தால் டீலர் முதலில் எடுத்து நீட்டும் காகிதமும் அதுதான். எலுமிச்சம்பழம் பத்து நிமிடம் காத்திருக்கட்டும்.